தயவுசெய்து என் கணக்கைத் திறக்க வேண்டாம்

உயர்திரு கிளை மேலாளர் பாண்டியன் அவர்களுக்கு,

ஆம்பூர் ரெட்டித்தோப்பு காசி, தங்கள் வங்கியின் பழைய வாடிக்கையாளன், மரியாதையுடன் எழுதிக்கொள்வது. நான் இங்கு நலம். தாங்கள் நலமாக இருப்பதை நேற்று மாலை பஜாரில் நேரிலேயே பார்த்துத் தெரிந்துகொண்டேன். தாங்கள் என்னைப் பார்ப்பதற்குள் நான் வாழைப்பழ வண்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டதால் வணக்கம் சொல்ல முடியவில்லை. அந்த வணக்கத்தை இப்போது ஏற்றுக்கொள்ள வேண்டுகிறேன். போன வாரம் தாங்கள் என் நம்பருக்குப் போன் செய்தபோது, "ராங் நம்பர், இது கோழிக்கடை" என்று குரலை மாற்றிக்கொண்டு சொன்னவனும் நான்தான். அதற்கும் மன்னிக்கவும். தாங்கள் உடனே அரைக் கிலோ கறிக்கு விலை கேட்டீர்கள். நானும் ஒரு விலை சொன்னேன். அந்த விலையை நம்பி எங்கும் போய் ஏமாற வேண்டாம்.

விஷயத்துக்கு வருகிறேன். ஆளின் கண்ணைப் பார்த்தே அவன் யார் என்று கண்டுபிடிக்கும் புது மெஷின் கிளைக்கு வந்திருப்பதாகவும், கைரேகை பதியாதவர்களின் வீட்டுக்குத் தாங்களே அதை எடுத்துக்கொண்டு போவதாகவும், வருகிற வியாழக்கிழமை என் வீட்டுக்கு வந்து, முடக்கி வைத்த என் கணக்கை அங்கேயே திறந்து கொடுக்கப் போவதாகவும் கவுன்டரில் இருக்கும் அம்பிகா மேடம் சொல்லி அனுப்பினார்கள். தென்காசியிலிருந்து மாற்றலாகி வந்து முழுதாக ஒரு வருஷம்கூட ஆகவில்லை, அதற்குள் இந்த ஊர் ஜனங்கள் மேல் இவ்வளவு அக்கறை. எந்த மேலாளர் இப்படி வீடு தேடி வருவார்? தங்களைப் பெற்றவர்கள் புண்ணியம் செய்தவர்கள். ஆனாலும் ஐயா, கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன், வியாழக்கிழமை வராதீர்கள். என் கணக்கைத் திறக்காதீர்கள். அது இப்படியே மூடியே கிடக்கட்டும்.

என்னடா, பணத்தை வேண்டாம் என்கிறானே, வெயிலில் மூளை கலங்கிவிட்டதா என்று தாங்கள் நினைக்கலாம். வெயிலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. என் கட்டைவிரலிலிருந்து சொன்னால்தான் புரியும். நான் வாலிபத்தில் தோல் கம்பெனியில் சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கி வேலை செய்தவன். பிறகு செலக்‌ஷன் டேபிளுக்கு வந்தேன். அதாவது, பதனிட்ட தோலைத் தடவிப் பார்த்து, இது முதல் தரம், இது மூன்றாம் தரம், இது ரிஜெக்ட் என்று பிரிக்கிற வேலை. ஓய்வு பெறும் வரை அதுதான். தோலைத் தேய்த்துத் தேய்த்து என் விரலில் இருந்த ரேகை எப்போது போனது என்று எனக்கே தெரியாது. கணக்கைப் புதுப்பிக்க ஆதாரோடு கைரேகை வைக்க வேண்டும் என்று தங்கள் கிளையிலிருந்து தகவல் வந்த பிறகுதான் அது போன விஷயம் தெரிந்தது. அம்பிகா மேடம் பொறுமைசாலி. "அழுத்துங்க சார். இன்னும் கொஞ்சம் அழுத்துங்க. வேற வெரல் வைங்க" என்று ஒவ்வொரு விரலாக வாங்கிப் பார்த்தார்கள். எல்லாவற்றுக்கும் சிவப்பு விளக்குதான். கடைசியில், "கையில இருக்கறது முடிஞ்சிடுச்சி சார். கால் வெரல மெஷின் ஒத்துக்காது" என்றார்கள். ஊர்த் தோலையெல்லாம் ரிஜெக்ட் செய்தவன் கை அன்று ரிஜெக்ட் ஆனது. பின்னால் வரிசையில் நின்றவர்கள் யாரும் சிரிக்கவில்லை. பாதிப் பேர் என்னைப் போலத் தோல் கம்பெனிக்காரர்கள், அவரவர் விரலை அவரவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கூட வந்திருந்த என் தோஸ்த் நசீர் அகமதுக்கு மட்டும் ஒரே அழுத்தில் பச்சை விளக்கு. அதே கம்பெனியில் ஆபீசில் பேனா மட்டும் பிடித்தவன், ரேகை புதுசாக இருக்கிறது. அவன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. "அரே காசி, சூடு காட்டுடா. சூட்டுக்கு ரேகை மேல எழும்பும்" என்றான். எதிரே டீக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போய், கொதிக்கிற டீ கிளாசில் கட்டைவிரலை அழுத்தி வைக்கச் சொன்னான். படித்தவன் சொல்கிறானே என்று நானும் வைத்தேன். ரேகை எழும்பவில்லை, கொப்புளம்தான் எழும்பியது. இரண்டு வாரம் அந்தக் கையால் சோறு பிசைய முடியாமல் ஸ்பூனில் சாப்பிட்டேன். அதற்குள் கெடு முடிந்து கணக்கு முடங்கிவிட்டது. மாதம் பிறந்ததும் என் மகன் அனுப்பிய பணம் வந்த வழியே திரும்பிப் போய்விட்டது.

என் மகன் வசந்த் பற்றித் தங்களுக்குச் சொல்ல வேண்டும். ஒரே பிள்ளை. இங்கே ஷூ கம்பெனியில் வேலை கற்றுக்கொண்டு, இப்போது போர்ச்சுகல் தேசத்தில் ஒரு ஷூ கம்பெனியில் லைன் சூப்பர்வைசராக இருக்கிறான். நல்ல பையன். மாதம் தவறாமல் பணம் அனுப்புவான். ஆனால் எனக்கும் அவனுக்கும் பேச்சு என்பது கம்மி. சண்டையெல்லாம் கிடையாது, பழக்கம் அப்படி. நான் கம்பெனி விட்டு வரும்போது அவன் தூங்கியிருப்பான், அவன் எழுந்திருக்கும்போது நான் போயிருப்பேன். அப்படியே வளர்ந்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவுக்கு வீடியோவில் வருவான். சளியிலிருந்து சாம்பார் வரை ஒரு மணி நேரம் ஓடும். நடுவில் அவள் போனை என் பக்கம் திருப்புவாள்.

"இன்னாடா, நல்லா இருக்கியா?"

"இருக்கேம்பா."

"வேலை?"

"போவுது."

"சரி, அம்மாகிட்ட குடுக்கறேன்."

அவன் விமானம் ஏறிய நாளிலிருந்து இந்த ஐந்து வரியைத்தான் பேசினோம். எனக்கென்று அவன் தனியாகப் போன் செய்வது மாதம் ஒரு தடவை. "பணம் போட்டுட்டேம்பா, வந்துச்சா பாரு" என்பான். "வந்துச்சிடா" என்பேன். அவ்வளவுதான் என்றாலும், அது என் நம்பருக்கு வருகிற போன். அதற்காக முதல் நாளிலிருந்தே போனைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிவேன். பிறகு ஏதோ ஒரு செயலியில் மாதம் பிறந்தால் பணம் தானாகப் போகிற மாதிரி அமைத்துவிட்டான். அந்த ஒரு போனும் நின்றது. தங்கள் வங்கியிலிருந்து மெசேஜ் மட்டும் டிங் என்று வரும்.

அந்த டிங் சத்தத்தைத்தான் நான் என் மகன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன் ஐயா. போன வருஷம் ஒரு மாதம், மெசேஜ் வந்த சந்தோஷத்தில் நசீருக்கு மிக்சர் வாங்கிக் கொடுத்து, "பையன் நல்லா இருக்கான்டா, டயத்துக்கு வந்துடுச்சி பாரு" என்று உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தேன். அந்த வாரம் முழுக்க அவன் காய்ச்சலில் எழுந்திருக்க முடியாமல் அறையில் படுத்துக் கிடந்திருக்கிறான். கஞ்சி வைத்துக் கொடுக்கக்கூட ஆள் இல்லை. பணத்துக்குக் காய்ச்சல் வராது, அது பாட்டுக்கு வந்துவிட்டது. எனக்குத் தெரிந்தபோது காய்ச்சல் விட்டே பல நாள் ஆகியிருந்தது. "ஏன்டி எங்கிட்ட சொல்லல?" என்று வீட்டுக்காரி கெங்கம்மாளிடம் கத்தினேன். "உனக்குத்தான் பணம் வந்துடுச்சே, நீ சந்தோஷமா இருந்தே. அத ஏன் கெடுக்கணும்னு வுட்டுட்டேன்" என்றாள். அவள் குத்திச் சொன்னாளா, சாதாரணமாகச் சொன்னாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

இப்போது கணக்கு முடங்கிய கதைக்கு வருகிறேன். பணம் திரும்பிப் போன அன்று சாயங்காலம் போன் அடித்தது. என் போன்! "இன்னாப்பா ஆச்சி? பணம் ரிட்டர்ன் ஆயிடுச்சி!" என்று பதறினான். நான் கொப்புளக் கதையைச் சொன்னேன். திட்டினான். மறுநாளும் அதே நேரத்துக்கு, அவனுக்கு அங்கே மதியச் சாப்பாட்டு நேரம், போன். "பேங்க்குக்குப் போனியாப்பா?" "போனேன்டா, கொப்புளம் ஆறட்டும்னாங்க." அடுத்த நாளும் போன். அன்றிலிருந்து ஒரு நாள்கூடத் தவறவில்லை. வங்கிப் பேச்சு இரண்டு நிமிஷத்தில் தீர்ந்துவிடும். ஆனால் உடனே வைத்துவிட அவனுக்கும் மனசு வராது, எனக்கும் வராது. இரண்டு பக்கமும் சும்மா இருப்போம். ஒரு நாள் அப்படிச் சும்மா இருந்தபோது அவன் மெல்லுகிற சத்தம் கேட்டது.

"இன்னாடா சாப்புடறே?"

"பன்னுப்பா. உள்ள மீனு வெச்சிருக்கான்."

"நல்லா இருக்குதா?"

"ஊறுகா இல்லாம எறங்கலப்பா" என்றான். நான் சிரித்துவிட்டேன். அவனும் சிரித்தான். என் மகன் சிரித்தால் கடைசியில் ஒரு இருமல் வருகிறது என்பதை அன்றுதான் கவனித்தேன்.

அதிலிருந்து நாளுக்கு நாள் பேச்சு நீண்டது. கூட அறையில் இருக்கும் நேபாளிப் பையன் தூக்கத்தில் பாடுவதைச் சொன்னான். அவர்கள் கம்பெனிக்கு வருகிற தோலைப் போனில் காட்டி, "இது நம்ம ஊரா இருந்தா நீ தூக்கிக் கடாசி இருப்பே இல்ல?" என்று கேட்டான். கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியதைச் சொல்லி, "அம்மாகிட்ட சொல்லிடாதப்பா, பயந்துக்கும்" என்றான். ஐயா, பிறந்ததிலிருந்து அவன் அம்மாவோடு சேர்ந்து எனக்குத் தெரியாமல் எத்தனையோ செய்திருக்கிறான். என்னோடு சேர்ந்து அவளுக்குத் தெரியாமல் ஒன்று வைத்துக்கொண்டது இதுதான் முதல் தடவை. அன்று முழுக்க நான் நடந்த நடையைப் பார்த்து, "இன்னா, லாட்டரி கீட்டரி அடிச்சிட்டியா?" என்று நசீர் கேட்டான்.

கொப்புளம் ஆறித் தொலைத்தது. அங்கேதான் பொய் ஆரம்பித்தது. முதலில், ரயில் பாலத்துக்கு அடியில் தண்ணீர் நிற்கிறது, வங்கிக்கு வர முடியவில்லை என்றேன். தண்ணீர் வற்றியதும், மெஷின் ரிப்பேர் என்றேன். அதுவும் பழையதாகிவிட்டது. ஒரு நாள் வேறு ஒன்றும் வாயில் வராமல், "மேனேஜர் குடும்பத்தோட ஏலகிரி போனாராம், வழுக்கி விழுந்து காலு ஒடஞ்சிடுச்சாம்" என்று சொல்லிவிட்டேன். அந்தக் கால் தங்களுடையது. "அய்யோ, எந்தக் காலுப்பா?" என்றான். "இடது" என்றேன். மறுநாள் முதல் கேள்வியே, "மேனேஜருக்கு எப்படி இருக்குது?" அதன் பிறகு நானும் தினம் தினம் தங்களைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குணப்படுத்தி வர வேண்டியதாகிவிட்டது. இப்போது தாங்கள் குச்சி வைத்துக்கொண்டு மெல்ல நடக்கிறீர்கள். "பழம் கிழம் வாங்கிக்கினு போய்ப் பாருப்பா, நம்ம பேர சொல்லு" என்றான். பழம் வாங்கினேன் என்பதாவது நிஜமாக இருக்கட்டும் என்று நேற்று வாங்கத்தான் போனேன். அந்த நேரம் பார்த்துத் தாங்களே எதிரில் இரண்டு காலும் நன்றாக இருக்க விறுவிறுவென்று வருகிறீர்கள். நான் வண்டிக்குப் பின்னால் போகாமல் வேறு என்ன செய்வேன்?

இதையெல்லாம் வேடிக்கையாக எழுதுகிறேனே தவிர, எனக்கு உள்ளுக்குள் பயம்தான். போன மாதம் ஒரு நாள் அவன் பேசிக்கொண்டே இருந்தவன் திடீரென்று, "அப்பா, எல்லாத்தயும் வுட்டுட்டு ஊருக்கே வந்துடலாம்னு தோணுதுப்பா" என்றான். முன்பு போல மாதா மாதம் டிங் அடித்துக்கொண்டிருந்த காலமாக இருந்தால், "பல்லைக் கடிச்சிக்கினு இன்னும் ரெண்டு வருஷம் இருடா" என்று வாயில் தயாராக வந்திருக்கும். எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் அதைத்தான் சொல்கிறார்கள். துபாயில் இருப்பவனுக்கும் அதுதான், பெங்களூரில் இருப்பவனுக்கும் அதுதான். ஆனால் கணக்கு மூடிக் கிடக்கிறது, அவன் பணம் எனக்கு வரவில்லை. வராத பணத்துக்காக இருடா என்று எப்படிச் சொல்வது? "எப்ப தோணுதோ அப்ப வாடா. வீடு இங்கதான் இருக்கப் போவுது" என்றேன். "இல்லப்பா, சும்மாதான் சொன்னேன்" என்றான். குரல் வேறு மாதிரி இருந்தது. சுமையை இறக்கி வைத்தவன் குரல். மறுநாள் வழக்கத்தைவிடச் சீக்கிரமாகவே போன் வந்தது. அவன் வருவானோ, மாட்டானோ, அது அவன் இஷ்டம். ஆனால் வரலாம் என்று தகப்பன் வாயால் ஒரு தடவை கேட்டுவிட்டான். பணம் ஒழுங்காக வந்துகொண்டிருந்தால் அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்தே இருக்காது என்பதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

செலவுக்கு என்ன செய்கிறீர்கள் என்று தாங்கள் கேட்பீர்கள். எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு. வாரக் கடைசியில் கறி எடுக்கிறோம், மின்சாரக் கட்டணம் கட்டுகிறோம், கேஸ் வருகிறது. கெங்கம்மாளைக் கேட்டால், "அதெல்லாம் உனக்கு எதுக்கு? நேரமாயிடுச்சி, போய் போன சார்ஜ்ல போடு" என்கிறாள். இந்த வீட்டில் பெண்கள் சேமிப்பு என்று ஒன்று எங்கோ இருக்கிறது. ஆண்களுக்கு அது கண்ணில் படாது. எவ்வளவு கெட்டிக்காரியைக் கட்டியிருக்கிறேன் என்று இந்த மூன்று மாதத்தில்தான் எனக்குத் தெரிந்தது.

ஆகவே ஐயா, என் வேண்டுகோள் இதுதான். தாங்கள் கணக்கைத் திறந்தால் அடுத்த மாதம் பணம் தானாக வந்து விழும். டிங் அடிக்கும். பேங்க்கில் என்ன ஆச்சு என்று கேட்க அவனுக்குக் காரணம் இருக்காது. மறுபடியும் நாங்கள் இருவரும் அந்த ஐந்து வரிக்கே போய்விடுவோம். கண்ணிலும் புரை இருக்கிறது, மெஷின் பிடிக்கவில்லை என்று எழுதிக்கொள்ளுங்கள். கையெழுத்து பழைய கையெழுத்து போல் இல்லை என்று எழுதிக்கொள்ளுங்கள். விதி என்று ஒன்றைக் காட்டிப் பொதுஜனத்தைத் திருப்பி அனுப்புவது வங்கிக்குப் புதிதல்ல, என் விஷயத்தில் மட்டும் ஏன் இந்த அவசரம்? வசந்த் ஊருக்கு வந்து எதிரில் உட்கார்ந்து சாப்பிடுகிற அன்றைக்கு நானே கண்ணைத் திறந்துகொண்டு தங்கள் முன் வந்து நிற்கிறேன்.

தாங்களும் தங்கள் துணைவியாரும் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல், இந்த ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொண்டு, நினைத்த ஊருக்கு மாற்றல் கிடைத்து, மனம்போல வாழக் கெங்கையம்மனை வேண்டிக்கொள்கிறேன். தென்காசியில் தங்கள் தகப்பனார் தனியாக இருப்பதாக அம்பிகா மேடம் சொன்னார்கள். அவருக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். பணம் போடுகிற அன்று வேண்டாம், சும்மா ஒரு நாள் போன் செய்து சொல்லவும்.

இப்படிக்கு,
தங்கள் தயவை நம்பியுள்ள,
காசி

பின்குறிப்பு: நான் வங்கிப் பக்கம் தலைகாட்ட முடியாதே, கெங்கம்மாளிடம் கொடுத்து அனுப்பலாம் என்று கடிதத்தை நீட்டினேன். வாசலிலேயே உட்கார்ந்து கடைசி வரை படித்துவிட்டாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு சொன்னாள்: "பணம் எங்கய்யா நின்னுது? திரும்பிப் போன மறுநாளே எங்கிட்ட நம்பர் வாங்கிட்டான். மூணு மாசமா என் கணக்குலதான் வருது. உன் பேங்க்குதான், அதே கவுன்டருதான். என் ரேகைக்கு இன்னா கொறச்சல்?"

"அப்ப தெனம் எதுக்குடி போன் பண்றான்?" என்றேன்.

"உங்கிட்ட பேசத்தான். வேற இன்னாத்த கேட்டு உங்கிட்ட பேசுவான் அவன்? 'அப்பாவுக்குத் தெரிய வேணாம்மா, பணம் வந்துடுச்சின்னு தெரிஞ்சா எங்கிட்ட பேசாம போன வெச்சிடும்'னு எங்கிட்ட சத்தியம் வாங்கிக்கினான்."

ஆகையால் மேலே எழுதிய எதையும் பொருட்படுத்த வேண்டாம். கிழித்துப் போட்டுவிடவும். வியாழக்கிழமை தாராளமாக வாருங்கள், மத்தியானம் இங்கேயே சாப்பிடலாம், கண்ணைக் காட்டுகிறேன், கணக்கைத் திறந்துவிடுங்கள். எனக்குத் தெரிந்துவிட்டது என்பதை மட்டும் அவனிடம் சொல்லக் கூடாது என்கிறாள் கெங்கம்மாள். "கூச்சப்படுவான், அப்பறம் போனே பண்ண மாட்டான்" என்கிறாள். இதோ போன் அடிக்கிறது. பேங்க்கில் என்ன ஆச்சு என்று கேட்பான். இன்னும் ஆகலடா என்றுதான் சொல்லப் போகிறேன். யாராவது விசாரித்தால் தாங்களும் அப்படியே சொல்லவும்.